கேட்கத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் மருத்துவ உளவியல் முதுநிலைப் பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்வு செய்யும் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலர் எனக்குப் பாடம் எடுத்தவர்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள். சிலரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வு நடத்தியிருக்கிறேன். ஆகவே வெளியாள் ஒருவர் குறை சொல்கிறார் என்று இதை ஒதுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. விண்ணப்பிக்கிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும், நாளை அவர்களிடம் சிகிச்சைக்கு வரப்போகிறவர்களும் இதில் சம்பந்தப்பட்டவர்கள்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பதாரர் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு மார்க் போடும் முறையை விடுங்கள். அவர் முன்னால் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் சொல்வதை இவர் எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். அதைத் தமிழில் பாருங்கள்.

இப்போது பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் தேறியவர்களை ஒரே நாளில் வரச் சொல்கிறோம். காலை ஒன்பது மணிக்கே ஃபைலோடு வந்து வராண்டாவில் உட்காருகிறார்கள். பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நிற்கிறார். சிலருக்கு முறை வரும்போது மதியம் மூன்று மணி ஆகிவிடுகிறது. உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் இந்தத் துறை, எம்.எஸ்ஸி.யில் என்ன பிராஜெக்ட் செய்தீர்கள், ஸ்கிசோஃப்ரினியாவின் அறிகுறிகள் என்னென்ன. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் எல்லாம் ஆங்கிலத்தில். கதவு சாத்தியதும் மூத்தவர் ஒருவர் "நல்லா பேசுது பொண்ணு" என்பார். அதற்குள் மற்றவர்கள் பென்சிலில் போட்டு வைத்த மார்க் கொஞ்சம் மேலே போய்விடும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சிபாரிசு பற்றி நான் பேச வரவில்லை. அது வேறு விஷயம். நேர்மையாக, அக்கறையோடு நடத்தினாலும் இந்த முறைக்கு ஆளைக் கண்டுபிடிக்கிற திறன் குறைவு. அதை நிரூபித்தவர்கள் நம் துறைக்காரர்கள்தான். ராணுவ அதிகாரிகளுக்கு மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்களை எடுத்து ஆராய்ந்து, ஒரு குணம் பிடித்துவிட்டால் மற்ற எல்லாக் குணங்களுக்கும் மதிப்பெண் தானாக ஏறிவிடுகிறது என்று தார்ன்டைக் எழுதியது 1920-ல். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. முதலாண்டு மாணவர்களுக்கு அதைப் பாடமாக நடத்துகிறோம். அவர்களையே நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும்போது மட்டும் அந்தப் பாடம் அறைக்குள் வருவதில்லை.

அமெரிக்காவில் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில் 1979-ல் நடந்தது ஒன்று. நேர்முகத் தேர்வு முடிந்து சேர்க்கைப் பட்டியல் தயாரான பிறகு, மாநில அரசு திடீரென்று 50 இடங்களைக் கூட்டிவிட்டது. அதற்குள் மேலே இருந்தவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டதால், பட்டியலின் அடியில் கிடந்தவர்களை எடுக்க வேண்டியதாயிற்று. நேர்முகத் தேர்வில் 'வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். பிறகு இரண்டு தரப்பையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படிப்பிலும் சரி, வார்டு வேலையிலும் சரி, பயிற்சி மருத்துவராக முதல் வருடத்திலும் சரி, வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 1987-ல் அந்தக் கட்டுரை அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பட்டியலின் மேலே இருந்தவர்களையும் அடியில் இருந்தவர்களையும் பிரித்தது நேர்முகம்தான் என்றால், அது எதை அளந்தது?

இன்னொரு ஆய்வு இதைவிடச் சங்கடமானது. 2013-ல் டானா, டாஸ், பீட்டர்சன் மூவரும் வெளியிட்டது. மாணவர்கள் சக மாணவர்களை நேர்காணல் செய்து, அவர்களின் அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். சில நேர்காணல்களில், பதில் சொல்பவர்களிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு: உண்மையான பதிலைச் சொல்லாமல், ஒரு குருட்டு விதிப்படி ஆமாம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எதிரில் இருப்பவரை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்றே நினைத்தார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் கணிப்பு இன்னும் சரியாக வந்திருக்கும். நேர்காணல் அதைக் கெடுத்தது. "பார்த்தவுடன் தெரிந்துவிடும்" என்கிற நம் உணர்வுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோது உறைத்தது.

நேர்காணலையே தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2022-ல் சாக்கெட் குழுவினர், பல பத்தாண்டுகளின் வேலைத் தேர்வு ஆய்வுகளைத் திரும்ப எடுத்துக் கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்பே எழுதி வைத்த மதிப்பெண் அளவுகோல் என்று ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் இடையே தொடர்பளவு 0.42 (முழுமையாகப் பொருந்தினால் 1). அவர்கள் பார்த்த தேர்வு முறைகளில் இதுவே முதலிடம். மனம் போன போக்கில் நடத்தும் நேர்காணலுக்கு 0.19. இரண்டும் நேர்காணல்தான். நடத்துகிற விதம் ஒன்றை முதலிடத்திலும் இன்னொன்றைக் கீழேயும் கொண்டுபோய் வைக்கிறது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது, அதுவும் நம் மாநிலத்தை வைத்தே. தமிழ்நாட்டில் 1970-71 மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275-ல் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் இருந்தது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றது. பத்து வருடம் கழித்து, ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. அங்கே மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் நேர்முகத்துக்கு. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்டது பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும். மாணவர் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்து வைப்பது நல்லது என்றும் சொன்னது. வயதும் பக்குவமும் வந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த அளவு கூடலாம் என்று பிற்காலத் தீர்ப்புகள் உண்டு; முதுநிலை மாணவர்கள் அந்த வகையில் வருவார்கள் என்று நீங்கள் வாதாடலாம். சரி, வாதாடுங்கள். ஆனால் கேள்வி என்ன, அளவுகோல் என்ன, பதிவு எங்கே என்று ஒரு விண்ணப்பதாரர் கேட்டால் எடுத்துக் காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தின் எடையையும் நினைத்துப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் என்றால் இன்ன தகுதி என்று வரையறை இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த பயிற்சி இருந்தால்தான் அங்கே உளவியலாளராகப் பதிவு. அந்தப் பயிற்சிக்கு ஒவ்வோர் இடத்திலும் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சீட்டுகள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பள்ளியில் கவுன்சலராகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே வருடா வருடம் தேர்வு எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தக் கதவு ஒன்றுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போனால் எட்டு போடச் சொல்கிறார்கள். வண்டி ஓட்ட ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சி உளவியலாளர் செய்யப் போகிற வேலை என்ன? கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் ஓ.பி.யிலோ, ஒரு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலோ, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாவின் எதிரிலோ உட்கார வேண்டும். வருகிறவர் "டிப்ரஷன்" என்று சொல்ல மாட்டார். நெஞ்சு படபடன்னு அடிக்குது என்பார். மனசே பாரமா இருக்கு, கை கால் ஓஞ்சு போகுது, யாரோ ஏதோ வச்சுட்டாங்க என்பார். பக்கத்தில் மாமியார் இருப்பதால் ஒன்றுமே சொல்லாமலும் இருப்பார். இந்தப் பேச்சுக்குள் போய், அவசரப்படாமல், அவர் சொல்லாததையும் கவனித்து, அப்புறம் கேஸ் ஹிஸ்டரி எழுத வேண்டும். இந்த வேலையில் ஒரு துண்டைக்கூட நம் நேர்முகத் தேர்வு பார்ப்பதில்லை. தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவது நல்ல திறமைதான். ஆனால் அது இந்த வேலைக்கு நேர் எதிர்த்திசையில் உள்ள திறமை.

இப்படிச் செய்து பார்க்க முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆண்டர்சன் குழுவினர் 2009-ல் ஒன்றைக் காட்டினார்கள். சிக்கலான நோயாளி பேசும் வீடியோத் துண்டுகளைப் போட்டு, "இவருக்கு இப்போது என்ன சொல்வீர்கள்" என்று சிகிச்சையாளர்களிடம் கேட்டு, பதிலைப் பதிவு செய்து மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண் உயர்ந்தவர்களிடம் வந்த நோயாளிகள் உண்மையிலேயே கூடுதலாகத் தேறினார்கள். ஜெர்மனியில் ஷாட்கே குழுவினர் செய்தது நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அவர்கள் பார்த்தது முதுநிலைப் பயிற்சியாளர்களை. பயிற்சியில் சேரும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, குழுவாக உட்கார்ந்து விவாதிக்கச் சொல்லி, ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அளந்தார்கள். தனியாக ஒரு நேர்காணலும் நடத்தினார்கள். 2017-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பின்னாளில் அவர்களின் நோயாளிகள் எவ்வளவு தேறினார்கள் என்பதோடு ஒத்துப்போனது குழு விவாதத்தில் வாங்கிய மதிப்பெண். நேர்காணல் மதிப்பெண் ஒத்துப்போகவில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஆஸ்கி தேர்வு புதிதில்லை. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் கொண்டுவந்தது. மாணவர் மேசை மேசையாக நகர்வார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை, ஒரு தேர்வாளர். அதையே சேர்க்கைக்குக் கொண்டுவந்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். கெவின் ஈவா குழுவினர் 2004-ல் அதைப் பற்றி எழுதினார்கள். பத்து மேசை, ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், நடுவில் இரண்டு நிமிடம் அடுத்த அறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க. ஒரு மேசையில் பதறினாலும் அடுத்த மேசையில் புதிதாகத் தொடங்கலாம், ஏனென்றால் அங்கே இருப்பவருக்கு முந்தைய கதை தெரியாது. இன்று பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் இதுதான் நடைமுறை. உளவியல் பயிற்சிக்கும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நமக்கு ஏது அவ்வளவு நேரம், ஏது ஆள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 பேரை அழைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஐந்து பேர் குழு, ஆளுக்குப் பத்து நிமிடம். 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். இப்போது ஆறு மேசை போடுங்கள், மேசைக்கு ஒரு தேர்வாளர். எட்டு நிமிட வேலை, இரண்டு நிமிட இடைவெளி. ஆறு பேர் கொண்ட ஒரு தொகுதி ஒரு மணி நேரத்தில் ஆறு மேசையையும் முடித்துவிடும். 42 பேருக்கு ஏழு தொகுதி. அதே ஏழு மணி நேரம். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு தேர்வாளர், நோயாளியாக நடிக்க இரண்டு மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஓ.பி. அறைகள். பலன் என்ன? பத்து நிமிடம் பார்க்கப்பட்ட பிள்ளை 48 நிமிடம் பார்க்கப்படுகிறாள். ஒரு மூத்தவரின் கருத்தில் மற்றவர்கள் சாய்வதற்குப் பதிலாக, ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாத ஆறு தனி மதிப்பெண்கள் கிடைக்கின்றன. காலையிலிருந்து காத்திருக்கவும் வேண்டாம். உன் தொகுதிக்குப் பதினொரு மணி என்று சொல்லி வரவழைக்கலாம்.

ஒரு மேசையை உதாரணமாகச் சொல்கிறேன். கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இவ்வளவுதான்: "வியாசர்பாடியைச் சேர்ந்த, சொந்தமாக இட்லிக் கடை நடத்தும் 52 வயதுப் பெண். தூக்கம் வரவில்லை என்று வந்திருக்கிறார். அவரோடு பேசுங்கள். நோய் என்னவென்று சொல்லத் தேவையில்லை." உள்ளே நடிகை. அவருக்குக் கொடுத்திருக்கும் அட்டையில் கூடுதலாக ஒன்று இருக்கும். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டால், "நானும் பொண்ணும்தான். பையன்... இருந்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தானாக எதுவும் சொல்லக் கூடாது. கேட்பவர் பொறுத்திருந்தாலோ, அந்த வார்த்தைக்குத் திரும்பி வந்தாலோ மட்டும் சொல்ல வேண்டும்.

அந்த 'இருந்தான்'-க்கு அடுத்த பத்து விநாடியில் விண்ணப்பதாரர் என்ன செய்கிறார்? ஒருவர் "ஓ, சாரிம்மா. தூக்கம் எத்தனை நாளா வரல?" என்று அடுத்த கேள்விக்குப் போவார். ஒருவர் பதறிப் போய் ஆறுதல் வார்த்தைகளைக் கொட்டுவார். ஒருவர் பேனாவைக் கீழே வைப்பார், கொஞ்சம் நேரம் சும்மா இருப்பார், பிறகு மெதுவாக, "இருந்தான்னு சொன்னீங்க..." என்று நிறுத்துவார். தேர்வாளரின் தாளில் இந்த மூன்றும் முன்பே எழுதப்பட்டு, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவாகியிருக்கும். கண்ணீர் விட்டால் மதிப்பெண், அழகாகப் பேசினால் மதிப்பெண் என்று எதுவும் கிடையாது.

இரண்டாவது மேசை எனக்கு இதைவிட முக்கியம். அங்கே முதலில் ஒருவரோடு கொஞ்சம் நேரம் பேச வைத்து, தேர்வாளர் அதைப் பற்றி ஒரே ஒரு திருத்தம் சொல்வார்: "மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டீர்கள். அந்த அம்மா கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னார்." சொல்லிவிட்டு இன்னொருவரோடு நான்கு நிமிடம் பேச வைப்பார். திருத்தத்தை எடுத்துக்கொள்கிறாரா, முகம் சுருங்குகிறதா, நியாயம் கற்பிக்கிறாரா, மாற்றிச் செய்து பார்க்கிறாரா? நாம் எடுப்பது பயிற்சிக்கு. ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர் தேவையில்லை. சூப்பர்வைசர் ஒன்றைச் சொன்னால் அடுத்த நாள் மாற்றிக்கொள்கிறவர் தேவை. இரண்டு வருடம் கூட இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். சேர்க்கையில் அதைப் பார்க்க எட்டு நிமிடம் ஒதுக்கலாம்.

மற்ற மேசைகளை நீங்கள் உங்கள் இடத்துக்கு ஏற்ப யோசித்துக்கொள்ளலாம். பராமரிப்பு உதவித்தொகை கிடைக்க வேண்டும், ஐ.க்யூ.வை நாலு பாயின்ட் குறைத்து எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சும் அப்பாவிடம் என்ன சொல்வது என்பது ஒன்று. பார்த்த சந்திப்பைப் பற்றி ஐந்து வரி எழுதித் தருவது இன்னொன்று. இது அமைதியான பிள்ளைகளுக்காக. கலகலப்பானவர்கள் இந்த மேசைத் தேர்வுகளில் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று காட்டும் ஆய்வுகள் உள்ளன. எழுத்து வேலை ஒன்றிரண்டு சேர்த்தால் அது சற்றுச் சமன்படும். ஏன் இந்தத் துறை என்கிற கேள்வியையும் ஒரு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறில் ஒரு பங்கு போதும்.

நடிக்க ஆள் எங்கே என்றால், சென்னையில் நாடகக் குழுக்களுக்கா பஞ்சம்? கூத்துப்பட்டறை 1977-ல் தொடங்கிய ஊர் இது. ஒரு நாள் ஊதியம் கொடுத்து, அரை நாள் ஒத்திகை பார்த்தால் போதும். உங்கள் துறை மாணவர்களையே நடிக்க வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விண்ணப்பதாரர்களில் பாதிப் பேர் அவர்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

தமிழில் வைத்தால் வெளிமாநிலத்தவர் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு அதே மேசையை மொழிபெயர்ப்பாளரோடு கொடுங்கள். தெரியாத மொழிக்காரரிடம் இன்னொருவர் வழியாகப் பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, மொழிபெயர்ப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதே நிறையச் சொல்லும். தமிழ்நாட்டில் இரண்டு வருடம் ஓ.பி. பார்க்கப் போகிறவருக்கு அந்தத் திறமை முதல் நாளிலிருந்தே தேவைப்படும். மறுபக்கம், திருவள்ளூரிலிருந்தோ செய்யூரிலிருந்தோ தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கிலத்தில் திக்கித் திணறியதாலேயே வருடா வருடம் வெளியே நிற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் அவர்களைப் பார்க்கிறேன். ஊரில் பாட்டிகளோடும் சித்திகளோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள். அந்த இட்லிக் கடை அம்மா எதிரில் உட்கார்ந்தால் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒரு முறையாவது பாருங்கள்.

அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா என்று மூத்தவர்கள் சிலர் வருத்தப்படலாம். அவர்களுக்கு உளவியலாளர் டேனியல் கானமன் கதையைச் சொல்வேன். இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் எடுக்கும் நேர்காணலை 1950-களில் அவர் மாற்றி அமைத்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதிய கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. நேர்காணல் செய்தவர்கள் எங்களை எந்திரமாக்குகிறீர்கள் என்று கோபப்பட்டார்கள். அவர் ஒரு சமரசம் செய்தார். ஆறுக்கும் மதிப்பெண் போட்ட பிறகு, கண்ணை மூடி, இந்த ஆளைப் போர்வீரனாக நினைத்துப் பார்த்து, உள்ளுணர்வுப்படி ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். அந்த ஏழாவது மதிப்பெண்ணும் மற்ற ஆறைப் போலவே நன்றாக வேலை செய்தது. ஒழுங்காக எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வருகிற உள்ளுணர்வு என்பதால்தான் அது பலித்தது. உங்கள் அனுபவத்துக்கும் அந்த ஏழாவது இடத்தைக் கொடுங்கள். கதவு திறந்த முதல் நிமிடத்தில் வேண்டாம்.

கேட்கக் கூடாத கேள்விகள் பற்றி நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. ஓர் இடத்தில் என் மாணவி ஒருத்தியிடம், ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ணிட்டுப் போயிட மாட்டியே, சீட் வீணாயிடும் என்று கேட்டார்கள். இன்னொருவனிடம் அப்பா என்ன தொழில், எந்தத் தெரு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி எல்லோருக்கும் தெரியும். 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்காக இவ்வளவு போராடிய மாநிலத்தில், சேர்க்கை அறைக்குள் அந்தக் கேள்வி எழவே கூடாது. இன்னொரு கேள்வி, நீங்க எப்பவாவது மனநலச் சிகிச்சை எடுத்திருக்கீங்களா? நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஆமாம் என்று உண்மையைச் சொன்ன பிள்ளை தோற்றுப் போனால் என்ன பாடம் கற்றுக்கொள்வாள்? சிகிச்சைக்குப் போவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை என்று நாளை நோயாளிகளிடம் சொல்ல வேண்டியவள் அவள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. சேர்க்கை முடிந்த பிறகு, உதவி தேவைப்பட்டால் யாரிடம் போகலாம் என்று சொல்லித் தாருங்கள். அது வேறு. மதிப்பெண் தாள் மேசையில் இருக்கும்போது இந்தக் கேள்வி வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆறு தேர்வாளர்களில் ஒருவர் நம் துறைக்கு வெளியிலிருந்து வரட்டும். பல வருடமாகத் தன் தம்பியைக் கவனித்துக்கொள்ளும் ஓர் அக்கா, அல்லது தானே சிகிச்சை பெற்று மீண்ட ஒருவர். பிரிட்டனில் இந்தப் பயிற்சித் திட்டங்களில் சிகிச்சை பெறுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் பங்கெடுக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பே விதித்திருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகளுக்காக இயங்கும் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் 1984-லிருந்து வேலை செய்கிற நகரத்தில், இத்தனை காலம் குடும்பங்களோடு பழகிய பிறகு, அப்படி ஒருவரைத் தேடுவது கஷ்டமில்லை. இந்தப் பிள்ளையிடம் என் தம்பியை அனுப்புவேனா என்பதை அந்த அக்காவைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் நம் மேசையில் யார் இருக்கிறோம்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பயிற்சிக்குக் கிடைத்துவந்த பட்டம் எம்.ஃபில். யு.ஜி.சி. அந்தப் பட்டத்தையே நிறுத்திய பிறகு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அனுமதி நீட்டித்தது. புதிய பெயரில், புதிய பாடத்திட்டத்தில் படிப்புகள் வருகிற காலம் இது. விண்ணப்பக் குறிப்பேட்டை எப்படியும் புதிதாக எழுதத்தான் போகிறீர்கள். எழுத்துத் தேர்வுக்கு இவ்வளவு, மேசைத் தேர்வுக்கு இவ்வளவு, ஒவ்வொரு மேசையிலும் எதைப் பார்ப்போம் என்பதை அதிலேயே அச்சிடுங்கள். கேள்வியை வெளியிட வேண்டாம். எதற்கு மதிப்பெண் என்பதை வெளியிடுங்கள். கோச்சிங் சென்டர்காரர்கள் அதையும் சொல்லித் தருவார்களே என்றால், தரட்டும். பேசுபவரின் வார்த்தை முடியும் வரை காத்திருக்கவும், திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவும் யாராவது காசு வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுத்தால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தேர்வு முடிந்ததும் மேசைவாரி மதிப்பெண்ணை விண்ணப்பதாரருக்கே அனுப்பிவிடுங்கள். தேர்வாகாத பிள்ளைக்கு அடுத்த வருடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதிலிருந்து தெரியும்.

முதல் வருடமே எல்லாம் சரியாக அமையாது. ஆறு மேசையில் ஒன்று சொதப்பும், நடிகை ஒருவர் அட்டையை மறப்பார், இரண்டு தேர்வாளர்கள் ஒரே ஆளுக்கு ஒன்றும் ஐந்தும் போடுவார்கள். மதிப்பெண்களைத் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மாணவர்களின் சூப்பர்வைசர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேலை செய்யாத மேசையை எடுத்துவிடலாம். இப்போதைய முறையில் அப்படி ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை.

அடுத்த அறிவிப்பு வருவதற்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்துக்கொள்வோம். அறைகளுக்கும் மணி அடிக்கவும் நான் ஏற்பாடு செய்கிறேன். விண்ணப்பிக்கும் எண்ணமில்லாத எம்.எஸ்ஸி. மாணவர்கள் விண்ணப்பதாரர்களாக வருவார்கள். தமிழில் ஐந்து மேசைகளுக்கான தாள்களும் அட்டைகளும் மதிப்பெண் அளவுகோலும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிற எந்தக் குழுவுக்கும் தருகிறேன். ஆறாவது மேசையை உங்கள் மருத்துவமனையில் என்ன மாதிரி ஆட்கள் வருகிறார்கள் என்பதை வைத்து நீங்கள் எழுதிக் கொண்டு வாருங்கள்.

மரியாதையுடன்,
ஓர் உளவியல் ஆசிரியர்
சென்னை